கண்ணை மூடாதேன்னு கத்துற மாமாக்களுக்கு

டிஸ்கி: துப்பாக்கி வேணுமா வேண்டாமாங்கற பட்டிமன்றம் இல்லை இது. அந்தக் கும்மியை வேற நாள் வெச்சுக்கலாம். ஏற்கெனவே ரேஞ்சுக்குப் போறதுன்னு முடிவு பண்ணி, கூடவே புதுசா ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகப் போறவங்களுக்கு மட்டும் இந்தப் பதிவு.

போன வாரம் வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ வந்தது. நம்மாளுங்கதான். கல்யாணம் ஆகி அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல, ஒரு பொண்ணு கையில பெரிய ரிவால்வரைக் கொடுத்து "சுடு சுடு"ங்கறாங்க. டமார். துப்பாக்கி நெத்தி வரைக்கும் எகிறுது, பொண்ணு ரெண்டடி பின்னாடி போகுது, கேமரா குலுங்குற அளவுக்குச் சிரிப்பு. கீழே வரிசையா சிரிப்பு பொம்மைகள்.

எனக்குச் சிரிப்பு வரலை. நான் ரொம்ப நல்லவன்னு சொல்லிக்க இதை எழுதலை. இதே படத்தை நானே தயாரிச்சு இயக்கி ரிலீஸும் பண்ணியிருக்கேன்.

கொசுவத்தியைச் சுத்திவிட்டுக்கறேன். 2019 ஜூன். அக்கா பையன் அப்பத்தான் ஹைஸ்கூல் முடிச்சிருந்தான், 18 வயசு. லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தவனை டாலஸுக்கு வடக்கே ஒரு நண்பரோட பண்ணை நிலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பையன் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். ஆனா அதுவரைக்கும் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அக்கா வீட்டுல தீபாவளித் துப்பாக்கிக்கே தடா.

நண்பர் கொண்டுவந்ததுல ஒண்ணு கையடக்கமான .357 மேக்னம் ரிவால்வர். எடை குறைஞ்ச துப்பாக்கியில வீரியமான தோட்டாவைப் போட்டா, உதை மொத்தமும் கைக்குத்தான் வரும். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கொடுத்தேன். காதுக்கு ஒரு ஃபோம் அடைப்பான், அதுவும் பாதிதான் உள்ளே போயிருந்தது. "சும்மா சுடுடா, ஒண்ணும் ஆகாது." போன்ல ரெக்கார்டிங் ஓடிக்கிட்டிருந்தது.

ஒரே ஒரு தடவை சுட்டான். கையை உதறிக்கிட்டு, சிரிக்கற மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு, "போதும் மாமா"ன்னான். நாங்க மூணு தடிப்பசங்களும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அன்னிக்கு ராத்திரியே வீடியோ குடும்ப குரூப்புக்குப் போச்சு. திருச்சியில இருக்கற பெரியம்மா வரைக்கும் பார்த்துட்டு, "பாவம்டா குழந்தை"ன்னு ஒரு குரல் பதிவு அனுப்பினாங்க. அத்தனை பேர்ல அவங்க ஒருத்தருக்குத்தான் மேட்டர் புரிஞ்சிருக்குன்னு இப்போ தோணுது.

கொசுவத்தி ஓவர். 2024ல அதே பையன்கிட்டேருந்து போன். காலேஜ் முடிச்சவன் போலீஸ் அகாடமியில சேர்ந்திருந்தான். (அக்கா ஒரு மாசம் யார்கிட்டயும் பேசலை. அது தனிப் பதிவு.) சட்ட வகுப்புல நல்ல மார்க். ஓட்டம், தண்டால் எல்லாம் பாஸ். பிஸ்டல்ல மட்டும் அடி. நூத்துக்கு 70 வேணும். முதல் தடவை 58, ரெண்டாவது தடவை 61. மூணாவதுதான் கடைசி, அதுக்கு மூணு வாரம் இருக்கு. அதுலயும் போச்சுன்னா வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"மாமா, நீங்க நல்லா சுடுவீங்கல்ல? கொஞ்சம் பாக்கறீங்களா?"

அன்னிக்கு ராத்திரியே அக்காவும் போன் பண்ணினா. "நீ ஒண்ணும் சொல்லிக்கொடுக்க வேணாம்டா. இதோட விட்டுட்டு வேற வேலை பார்க்கட்டும். ஆண்டவனா பார்த்து ஒரு வழி காட்டியிருக்கான், நீ குறுக்கே போகாதே." அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பெத்தவ. ஆனா 2019 வீடியோ எனக்குக் கண்ணு முன்னாடி ஓடுது. அவனுக்கு அந்த வேலை லாயக்கில்லைன்னு விழுந்தா அது வேற விஷயம். நான் விளையாட்டுக்குப் போட்ட ஒரு முடிச்சால விழுந்தா? இன்னொண்ணும் யோசிச்சேன். ஒருவேளை தட்டுத்தடுமாறி 70 வாங்கிட்டான்னு வைங்க. சுடறதுக்கு முன்னாடி கண்ணை மூடிக்கற ஒரு போலீஸ்காரன் தெருவுல நிக்கறது யாருக்கு நல்லது?

சரின்னு சொல்லிட்டேன்.

நடுவுல ஒரு முக்கியமான இடைச்செருகல். ஹெச்1பி, எல்1, எஃப்1 மாதிரி விசாவுல இருக்கற மக்கள் கவனிக்கவும். கிரீன் கார்டு வாங்காத, தற்காலிக விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியையோ தோட்டாவையோ வெச்சிருக்கறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து அங்கேயே சுட்டுட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் அதே கணக்குதான். சில விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் இருக்கறது அதுல ஒண்ணு. ஊர்லேருந்து வந்திருக்கற அப்பாவை "ஒரு அனுபவமா இருக்கட்டும்"னு கூட்டிட்டுப் போற ஆட்களுக்கும் இது பொருந்தும். "என் ஃப்ரெண்ட் போனான், ஒண்ணும் ஆகலையே"ன்னு பின்னூட்டம் போடாம ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்குங்க. ஆப்பு வந்தா விசாவோட போகாது, நாட்டை விட்டே அனுப்பற வரைக்கும் போகலாம். அக்கா பையன் இங்கேயே பிறந்தவன், எனக்கும் சிட்டிசன்ஷிப் வந்து வருஷமாச்சு, அதனால எங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

முதல் சனிக்கிழமை. உள்ளரங்க ரேஞ்ச். அவன் அகாடமியில சுடற அதே க்ளாக் 17, 9 எம்எம். தூரம் 7 கஜம், அதாவது ஆறரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பத்து குண்டு சுட்டான். வட்டத்துக்கு நடுவுல ரெண்டு. மிச்சம் எல்லாம் கீழே இடது பக்கமா, ஒரு சாண் தள்ளி, கோழி கிளறின மாதிரி சிதறிக் கிடக்கு.

"பாக்கறது தப்பா இருக்கு போல மாமா. சைட்டை மாத்தணுமா?"

இங்கே ஒரு சின்னக் கணக்கு. க்ளாக் 17ல முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல 165 மில்லிமீட்டர். முன் சைட்டை 1 மில்லிமீட்டர் தப்பா வெச்சா 7 கஜத்துல கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர்தான் தள்ளிப்போகும். ஒரு சாண் தள்ளிப்போகணும்னா அஞ்சு மில்லிமீட்டர் தப்பா இருக்கணும். முன் சைட் பின் சைட்டோட பள்ளத்தை விட்டே வெளியே போயிருக்கும், கண்ணாடி போடாத என் பெரியம்மாவே கண்டுபிடிச்சுடுவாங்க. ஆக, கண்ணுல கோளாறு இல்லை. குண்டு கிளம்பற அந்த நொடியில துப்பாக்கி எங்கேயோ போகுது.

கீழே இடது பக்கம் போனா இது காரணம், மேலே வலது பக்கம் போனா அது காரணம்னு ஒரு வட்டப்படம் இணையத்துல சுத்துது, பார்த்திருப்பீங்க. அது ஒரு கையால சுடற பழைய புல்ஸ்ஐ போட்டிக்காரங்களுக்காக வந்தது. ரெண்டு கையால பிடிக்கறவனுக்கு அதை வெச்சு ஜாதகம் பார்த்தா பாதி பலன்தான் சரியா வரும். நான் வேற வழியில போனேன். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ"ன்னு சொல்லிட்டு, மேகசின்ல நிஜத் தோட்டாக்களுக்கு நடுவுல மூணு பொம்மைத் தோட்டாவைச் செருகினேன். ஸ்நாப் கேப்னு சொல்வாங்க, கடையில கிடைக்கும், வெடிக்காது. எது எங்கே இருக்குன்னு அவனுக்குத் தெரியாது.

டப். டப். கிளிக்.

அந்தக் கிளிக்குல துப்பாக்கி மூக்கு தரையைப் பார்த்துக் குனிஞ்சுது பாருங்க! வெடிக்கவே இல்லை, உதையே இல்லை, ஆனா அவன் மணிக்கட்டு முழுசா கீழே தள்ளியிருக்கு, ரெண்டு கண்ணும் இறுக்க மூடியிருக்கு. நான் சொல்லவே வேண்டியிருக்கலை. அவனே துப்பாக்கியைக் கீழே வெச்சுட்டு, "ஓ"ன்னு மட்டும் சொன்னான்.

அப்போ நான் செஞ்சது என்ன தெரியுமா? இத்தனை வருஷ அனுபவஸ்தன் அல்லவா, "கண்ணை மூடாதே, கையைத் தள்ளாதே"ன்னு சொன்னேன். அடுத்த பத்து குண்டும் முன்னைவிட மோசம். இன்னும் அழுத்திச் சொன்னேன். இன்னும் மோசம். பக்கத்து கட்டத்துல ஒருத்தர் பெரிய ரைஃபிளைப் போட்டு வெடிச்சுக்கிட்டிருந்தார். ஒவ்வொரு வெடிக்கும், தன் கையில துப்பாக்கியே இல்லாதப்பவும், பையன் தோள் தூக்கிப்போடுது. மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துட்டோம். கார்ல ரெண்டு பேரும் பேசிக்கலை.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து யோசிச்சப்பதான் உறைச்சுது. 9 எம்எம் பிஸ்டல்ல தோட்டா வெடிச்சதுக்கப்புறம் குண்டு குழாயை விட்டு வெளியே போக ஒரு மில்லி செகண்ட்கூட ஆகறதில்லை. பெரிய சத்தத்துக்கு மனுஷன் கண்ணை இமைக்கறது உடம்பிலேயே வேகமான அனிச்சைச் செயல்கள்ல ஒண்ணு. அதுக்கே முப்பது மில்லி செகண்டாவது ஆகும். அப்படின்னா, வெடிச்ச சத்தத்துக்குப் பயந்து யாருமே குறி தப்ப முடியாது. பயந்து முடிக்கறதுக்குள்ள குண்டு காகிதத்தைத் தாண்டி மண்ணுல புதைஞ்சிருக்கும். குறியைக் கெடுக்கறது வரப்போற வெடியை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே செய்யற ஏற்பாடு. வெடி வரும்னு ஏதோ ஒரு நாள் உடம்புக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்க.

அந்த யாரோ, அடியேன்தான். அவ்வ்வ்வ்.

நம்ம ஊர்க்காரனுக்கு இதைப் புரியவைக்க ஒரு உதாரணம் போதும். அணுகுண்டு வெடிக்கு ஊதுபத்தி நீட்டியிருக்கீங்களா? பத்தி திரியைத் தொடறதுக்கு முன்னாடியே முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், ஒரு கால் ஓட ரெடியா இருக்கும், அதனாலேயே பத்தி திரியில படாம மண்ணுல குத்திக்கிட்டு நிக்கும். அச்சு அசலா அதேதான் இது. சித்தப்பா திண்ணையிலேருந்து "பயப்படாதேடா"ன்னு கத்தினா பத்தி நேரா போகுமா என்ன?

அதே தீபாவளியில நம்ம வீட்டுல யாராவது அஞ்சு வயசுப் பிள்ளை கையில முதல்லயே அணுகுண்டைக் கொடுப்பாங்களா? கம்பி மத்தாப்பு, சாட்டை, அப்புறம் புஸ்வாணம், அப்புறம் ஊசி வெடி. லட்சுமி வெடிக்கு வர ரெண்டு மூணு தீபாவளி ஆகும். இதை எந்தப் புத்தகத்துலயும் படிக்காம நம்ம அம்மா அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. துப்பாக்கின்னு வந்தா மட்டும் நமக்கு மூளை மழுங்கி, "உதையை முதல்லயே பார்த்துட்டா பயம் போயிடும்"னு தத்துவம் பேசறோம். போகாது மக்களே. உள்ளே போய் உட்கார்ந்துக்கும்.

அடுத்த தடவை திட்டமே மாறிச்சு. வார நாள் காலையில, கூட்டமில்லாத நேரத்துல, திறந்தவெளி ரேஞ்ச். உள்ளரங்கத்துல சத்தம் சுவர்ல பட்டுத் திரும்பி வந்து நெஞ்சுல இடிக்கும், வெளியில அது இல்லை. காதுக்குள்ள ஃபோம் அடைப்பான், அதை ஒழுங்கா உருட்டி, காதை மேலே பின்னாடி இழுத்து, முழுசா உள்ளே போற மாதிரி. அதுக்கு மேலே இயர் மஃப். ரெண்டும் போட்டா ரெட்டிப்பு பாதுகாப்புன்னு நினைச்சுக்காதீங்க, சுமார் 5 டெசிபல்தான் கூடுதலா குறையும். ஆனா துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டற சமாச்சாரம். காதுக்கு ஆபத்துன்னு சொல்ற எல்லையே 140தான். புதுசா சுடறவனுக்கு அந்த 5 பெரிய விஷயம். பாதி திடுக்கிடல் உதையால வர்றதில்லை, சத்தத்தால வருது. இது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவங்க ஒரு நாள் இயர் மஃப் மேல அடைப்பானும் போட்டுச் சுட்டுப் பார்த்துட்டு வந்து சண்டை போடவும்.

துப்பாக்கியும் மாறிச்சு. ரூகர் மார்க் 4, .22 தோட்டா. ஒரு கிலோவுக்கு மேல எடை, குண்டு வெறும் இரண்டரை கிராம் சொச்சம். (9 எம்எம்ல வழக்கமான குண்டு ஏழரை கிராம்.) உதைன்னு சொல்ல ஒண்ணுமே இல்லை. பையனுக்குக் கொஞ்சம் ரோஷம். "மாமா, இது கிட்ஸ் கன்." ஒலிம்பிக்ஸ்ல 25 மீட்டர் பிஸ்டல் போட்டியை எதுல சுடறாங்கன்னு கேட்டேன். தெரியலைன்னான். இதே .22தான். 2012 லண்டன்ல நம்ம விஜய் குமார் வெள்ளி வாங்கினதும் .22லதான். 2024 பாரிஸ்ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கினது அதைவிடச் சின்னது, காத்தழுத்தத் துப்பாக்கி. அதே பாரிஸ்ல பேன்ட் பாக்கெட்டுல கைவிட்டுக்கிட்டுச் சுட்ட துருக்கிக்காரர், யூசுஃப் டிகெச், உலகமே மீம் போட்டதே, அவர்கூட காதுல சின்னதா அடைப்பான் வெச்சிருந்தார், போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க. பையன் கப்சிப்.

இலக்குக் காகிதம் மாட்டலை. இதுதான் அன்னிக்கு நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம். வெறும் மண்மேடு. "எங்கே வேணா படட்டும், எனக்குக் கவலையில்லை. காலி தோட்டா எந்தப் பக்கம் பறக்குதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு." முதல் நாலஞ்சு தடவை தெரியலைன்னான். கண் மூடியிருந்தா எப்படித் தெரியும்? ஆறாவது தடவை "வலது பக்கம், கொஞ்சம் பின்னாடி"ன்னான். கண்ணை மூடாதேன்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லலை. பார்க்கறதுக்கு ஒண்ணு கொடுத்தேன், அதுவே திறந்துக்கிச்சு. அப்புறம், "முன் சைட் எவ்வளவு உயரம் எழும்பி எங்கே திரும்பி வருதுன்னு பாரு." அப்புறம், "விசை உடையும்போது முன் சைட் எங்கே இருந்துச்சுன்னு, போய்ப் பார்க்காம சொல்லு." கடைசியாத்தான் காகிதம். அன்னிக்கு மொத்தமே ஐம்பது சொச்சம் குண்டு. இன்னொரு பெட்டி இருக்கே மாமான்னான். இருக்கட்டும்னு மூட்டை கட்டிட்டேன். கை சோர்ந்துட்டா திடுக்கிடல் திரும்பி வந்துடும், நாலு நாள் சம்பாதிச்சதை அரை மணியில தொலைச்சுடலாம்.

வீட்டுல வெறும் துப்பாக்கிப் பயிற்சி. தினம் பத்து நிமிஷம். விதி ஒண்ணுதான், அதுல சமரசம் கிடையாது: அந்த அறையில ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. அறைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கண்ணால பார்த்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்து, காலின்னு உறுதி பண்ணணும். அப்புறமும் குண்டு துளைக்காத சுவர்ப் பக்கம்தான் நீட்டணும். முடிஞ்சதும் "முடிஞ்சுது"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டு எழுந்துக்கணும், "இன்னொரே ஒரு தடவை"ங்கற பேச்சே கூடாது. வீட்டுச் சுவர்ல ஓட்டை போட்ட ஆட்கள்ல நிறையப் பேர் அந்த "இன்னொரே ஒரு தடவை" கேஸுங்கதான்.

பயிற்சி என்னன்னா, ஸ்லைடு மேல முன் சைட்டுக்குப் பின்னாடி ஒரு 25 சென்ட் காசை வெச்சுட்டு, அது விழாம விசையை அழுத்தறது. கேட்க சுலபமா இருக்கும். க்ளாக்கோட விசையை அழுத்த சுமார் இரண்டரை கிலோ விசை வேணும். காலி துப்பாக்கியோட எடை அதுல மூணுல ஒரு பங்குகூட இல்லை. ஒரு கிலோ அரிசிப் பையை அசைக்காம அதுமேல இரண்டரை கிலோ அழுத்தம் கொடுக்கற வேலை. விரல் மட்டும் நகரணும், மத்த நாலு விரலும் சும்மா இருக்கணும். நாம என்ன பண்றோம், பசு மடியைக் கறக்கற மாதிரி அத்தனை விரலையும் சேர்த்து இறுக்கறோம், துப்பாக்கி கீழே இடது பக்கம் இழுக்குது. இதுக்கு மருந்து இடது கையில இருக்கு. இடது கை இறுக்கிப் பிடிக்கணும், வலது கை அதோட வேலையைப் பார்க்கணும். முதல் நாள் காசு தரையிலதான் இருந்துச்சாம். ஒரு வாரத்துல இருபதுக்குப் பதினெட்டு.

இங்கே ரேஞ்சுப் பெரியவர்களோட எனக்கு ஒரு சண்டை உண்டு. "விசை எப்போ உடையும்னு உனக்கே தெரியக் கூடாது, அது ஆச்சரியமா இருக்கணும்"னு ஒரு வேதவாக்கு சொல்வாங்க. முதல் நாள் புதுசா சுடறவனுக்கு அது அமிர்தம், ஒத்துக்கறேன். எதிர்பார்க்க முடியாத வெடிக்கு எப்படி முன்கூட்டியே பயப்படுவான்? ஆனா அதையே கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா, நேரக்கெடு வெச்சுச் சுடற பரீட்சையில என்ன பண்றது? மூணு செகண்டுல ரெண்டு குண்டு போடச் சொன்னா, "இருங்க சார், இன்னும் ஆச்சரியம் வரலை"ன்னு நிக்க முடியுமா? எப்போ உடையும்னு தெரிஞ்சே, துப்பாக்கியை அசைக்காம உடைக்கக் கத்துக்கணும். அதுக்கு உதையோட சமாதானம் ஆகணும், ஏமாத்திக்கிட்டே இருக்க முடியாது. .22ல அம்பது குண்டு, உடனே 9 எம்எம்ல பத்து, திரும்ப .22ன்னு மாத்தி மாத்திச் சுடவெச்சது அதுக்குத்தான். உடம்புக்கு ரெண்டும் ஒரே சமாச்சாரம்னு தோணற வரைக்கும்.

இன்னொரு நுண்ணரசியலையும் சொல்லிடறேன். மூணாவது வாரம் அவன் வேகமா சுடும்போது நடுவுல பொம்மைத் தோட்டா வந்து கிளிக் ஆச்சு, துப்பாக்கி மூக்கு லேசா குனிஞ்சுது. பையன் முகம் வாடிப்போச்சு, திரும்பவும் வந்துடுச்சேன்னு. வரலை. நல்லா சுடறவங்களும் வேகமா சுடும்போது எகிறற துப்பாக்கியை அமுக்கத் தயாராத்தான் இருப்பாங்க. வெடிக்கலைன்னா அந்த அமுக்கல் வெளியே தெரியும். கிளிக்குக்கு முன்னாடியே குனிஞ்சா வியாதி. கிளிக்குக்கு அப்புறம் குனிஞ்சா அது உதையைச் சமாளிக்கற வேலை. குண்டு போனதுக்கப்புறம் நீ என்ன ஆட்டம் ஆடினாலும் காகிதத்துக்குத் தெரியாது. போன்ல மெதுவா ஓடற வீடியோ எடுத்துக் காட்டினேன். கிளிக் முதல்ல, குனியறது பின்னாடி. கண்ணு ரெண்டும் திறந்திருந்தது. (ஆமா, அதே போன்தான், அதே பையன்தான். இந்தத் தடவை எந்த குரூப்புக்கும் அனுப்பலை.)

அந்த மூணு வாரமும் எனக்குக் கஷ்டமா இருந்தது ஒண்ணுதான்: வாயை மூடிக்கிட்டு இருக்கறது. ஒவ்வொரு குண்டுக்கும் பின்னாடி ஒரு அறிவுரை நாக்கு நுனி வரைக்கும் வரும். தங்கமணி எங்கூட முப்பது வருஷமா என்ன பாடுபடறாங்கன்னு லேசா புரிஞ்சுது :-) நம்மாளுங்க கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கற லட்சணத்தைப் பார்த்திருப்பீங்களே. பிரேக்கு, பிரேக்கு, இன்டிகேட்டரு, ஐயோ! துப்பாக்கி பிடிச்சிருக்கறவன் பக்கத்துல நின்னு அப்படிக் கத்தினா, வர்ற வெடியோட சேர்த்து மாமா கத்தலுக்கும் அவன் தோள் தூக்கிப்போடும். குழாய் எந்தப் பக்கம் நீளுது, விரல் விசைக்கு வெளியே இருக்கா, இந்த ரெண்டுக்கு மட்டும் வாயைத் திறந்தா போதும். அதுக்குத் திறந்தே ஆகணும், அதுல தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மெசேஜ் வந்தது. வார்த்தை ஒண்ணுமில்லை, 84ன்னு மட்டும். ஆபீஸ் மீட்டிங்குல இருந்தவன் எழுந்து வெளியே போய் நின்னேன். ஒரு மணி நேரம் கழிச்சு அக்கா. "பாஸ் பண்ணிட்டானாமே. உனக்குத் திருப்திதானே?" அதுக்கப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் லைன்ல சும்மா இருந்தோம். "ராத்திரி ட்யூட்டி போடுவாங்களாடா?"ன்னு கேட்டா. ஆரம்பத்துல போடுவாங்கன்னு சொன்னேன். போனை வெச்சுட்டா. அவளுக்கு நான் செஞ்சது நல்லதா கெட்டதான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு முடிவு தெரியலை. அவளும் சொல்லலை.

இந்த வருஷம் பொங்கலுக்கு எல்லாரும் எங்க வீட்டுல. அவன் தங்கச்சிக்கு 20 வயசு, அண்ணன்கிட்ட "என்னையும் கூட்டிட்டுப் போ"ன்னு நச்சரிச்சுக்கிட்டிருந்தா. மறுநாள் காலையில கிளம்பினோம். பையன் கார் டிக்கியைத் திறந்தான். ரூகர் .22, ஃபோம் அடைப்பான் பாக்கெட், ரெண்டு இயர் மஃப். இலக்குக் காகிதம் எடுத்துக்கலை. ரேஞ்சுல அவளை நிக்கவெச்சு, காதை மேலே பின்னாடி இழுத்து அடைப்பானைச் சொருகிவிட்டான். நான் பழக்கதோஷத்துல போனை வெளியே எடுத்தேன்.

"மாமா, அதை உள்ளே வைங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா போய் நில்லுங்க."

போய் நின்னேன்.